பந்தயம் பார்த்துச் சிங்கவரம் போனோம்

மோட்டார்ப் பந்தயமும் குதிரைப் பந்தயமும் பார்க்க வேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய தம்பதிகள், மறுநாள் சாயங்காலம் ஒரு மலைக் கோயில் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் காரியாலயத்தில் சிரித்தே விட்டார்கள். ஆனால் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கவரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் குதிரை என்றதும் யார் பெயர் வாயில் வருகிறதோ, அந்தத் தேசிங்கு ராஜன் கும்பிட்ட பெருமாள் சிங்கவரத்தில்தான் பள்ளிகொண்டிருக்கிறார்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. என் மைத்துனனுக்குப் பதினேழு வயது. படிப்பில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. அசடு என்றும் சொல்ல முடியாது. ஆனால் சக்கரம் உள்ள எதைக் கொடுத்தாலும் ஓட்டுவான். கோ-கார்ட் என்று, தரையோடு தரையாக ஓடும் குட்டி வண்டி ஒன்று இருக்கிறதல்லவா? அதில் இரண்டு வருஷமாகப் பழகியிருக்கிறான். இப்போது பந்தய மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் சேர வேண்டுமாம். வயது பதினெட்டு ஆகவில்லை. ஆகவே பெற்றோர் கையெழுத்து வேண்டும். என் மாமனார் காலமாகிவிட்டார். மாமியாரோ, "எனக்கென்ன தெரியும் இந்தக் கண்றாவியெல்லாம்? அக்காவும் மாப்பிள்ளையும் போய்க் கண்ணாலே பார்த்துட்டு வரட்டும். அவ சரின்னா நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி அதுவரை பந்தயம் என்று ஒன்றை டெலிவிஷனில்கூட முழுசாகப் பார்த்தவள் அல்ல. இருந்தாலும் ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் அடியிலிருந்து நுனி வரை பார்த்துவிடுவாள். "குதிரையிலே ஆரம்பிச்சு மோட்டார் வரைக்கும் எல்லாத்தையும் பார்த்துடணும். கடைசியிலே சிங்கவரம் போகணும். எங்கம்மா வீட்டுக் குலதெய்வம். அங்கே போகாம நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றாள். ஆகக்கூடி, ஒரு சனிக்கிழமைக் காலை, பிளாஸ்கில் காப்பியும் பொட்டலத்தில் புளியோதரையுமாக நாங்கள் கிளம்பினோம்.

நாங்கள் குடியிருப்பது சைதாப்பேட்டைப் பக்கம். கிண்டிப் பந்தய மைதானத்தின் மதில் ஓரமாக எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம். ஒரு தடவையாவது வண்டியை நிறுத்தியதில்லை. அன்று நிறுத்தினோம்.

கிண்டியில் 1777-லேயே குதிரை ஓடியதாகச் சரித்திரம். மெட்ராஸ் ரேஸ் கிளப் ஏற்பட்டது 1896-இல். வெள்ளைக்கார துரைகளும் ஜமீன்தார்களும் வந்த இடத்துக்குப் பிற்பாடு மில் தொழிலாளியும் குமாஸ்தாவும் வந்தார்கள். சம்பளத் தேதிக்கு அடுத்த சனிக்கிழமை எத்தனை குடும்பங்களுக்குத் திக்குத் திக்கென்று இருந்திருக்கும் என்பதை அந்தக் காலத்துக் கதாசிரியர்களைக் கேட்டால்தான் தெரியும்! 1974-இல் தமிழ்நாடு அரசாங்கம் குதிரைப் பந்தயத்தையே ஒழித்துச் சட்டம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பட்டம் வாங்கும் அளவுக்குக் காலம் கடந்து 1996-இல் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் எடை போட்டுப் பணம் கட்டுவதால் அது வெறும் சூதாட்டம் அல்ல, திறமையைச் சேர்ந்த ஆட்டம் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

இதை நான் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னதும் என் மனைவி, "அப்படின்னா எங்க தாத்தாவுக்குத் திறமை பத்தலை போலிருக்கு" என்றாள். அவள் தாத்தா ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊர்ப் பந்தயத்தில் நாலு ஏக்கர் நஞ்சையை விட்டவர். அந்த நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

2024 செப்டம்பரில் குத்தகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி, அரசாங்கம் குத்தகையை ரத்து செய்து, கிண்டியில் 160 ஏக்கர் நிலத்தையும் எடுத்துக்கொண்டு வாயிலில் முத்திரை வைத்தது. கிளப் நீதிமன்றத்துக்குப் போயிற்று. உதகமண்டலத்துப் பந்தய மைதானமும் அதே வருஷம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. நாங்கள் போன அன்று கிண்டியில் பந்தயம் எதுவும் இல்லை. ஆகவே நேயர்களே, எங்களுடைய குதிரைப் பந்தயம் மதில் சுவரோடு சரி!

ஆனால் வீணாகப் போகவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பந்தயக் குதிரைகளைத் தேய்த்து, குளிப்பாட்டி, காலில் பட்டி கட்டிவிட்ட கை அவருடையது. "ரெண்டு வயசிலே ஓட ஆரம்பிக்கும் சார். ஏழு, எட்டு வயசானா அதைத் தேடறவன் இல்லே" என்றார். "ஜனங்களுக்கு நம்பர்தான் ஞாபகம் இருக்கும். நாலாம் நம்பர் வந்துச்சு, ஏழாம் நம்பர் கவுத்துடுச்சும்பாங்க. எனக்கு நம்பர் ஒண்ணும் ஞாபகமில்லே. எல்லாத்துக்கும் பேர் ஞாபகம் இருக்கு." கேட்காமலே ஏழெட்டுப் பெயர்களைச் சொன்னார். எல்லாம் இங்கிலீஷ் பெயர்கள்; அவர் வாயில் அவை நம் ஊர்ப் பெயர்கள் மாதிரி ஒலித்தன.

கிண்டியிலிருந்து பூந்தமல்லி போய் பெங்களூர் ரஸ்தாவைப் பிடித்தோம். ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருவது இருங்காட்டுக்கோட்டை. உடையவர் அவதரித்த ஸ்தலத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சத்தமா என்று முதல் தடவை போகிறவர்கள் திடுக்கிடுவார்கள்.

இதற்கு முன்னால் சென்னையின் மோட்டார்ப் பந்தயம் நடந்தது சோழவரத்தில். எங்கள் காரியாலயத்தில் படம் பிடிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சோழவரம் என்ற பெயரைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை அது. யுத்தம் முடிந்து சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்திற்று. பழைய பியட்டையும் ஹெரால்டையும் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, கூரையை அறுத்து, இன்ஜினைக் குடைந்து, பந்தய வண்டியாக ஆக்கிக்கொண்டு வருவார்களாம். மகாராஜாக்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பட்டறை வைத்திருந்தவர்களும் வந்தார்கள். 1980-களில் விஜய் மல்லையா வெளிநாட்டு ஃபார்முலா ஒன் வண்டி ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார். ஜனங்கள் குடையும் தயிர்சாதமுமாக வெயிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். "தடுப்பு என்ன தெரியுமா? கயிறு! கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நூறு மைல் வேகம்" என்பார் பெரியவர்.

கயிற்றை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது? கிளப்காரர்கள் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கிப் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை போட்டு 1990-இல் திறந்தார்கள். நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். பன்னிரண்டு திருப்பங்கள். கோயமுத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் சிறு பிள்ளையாக முதல் பந்தயம் ஓட்டியது இங்கேதான். அவர் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்டு, அந்த மைதானத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அதே ஊர்க்காரரான கரிவரதன், மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டையாக ஒரு பந்தய வண்டி செய்து கொடுத்திராவிட்டால், நரேன் மாதிரிப் பிள்ளைகள் எதில் ஏறியிருப்பார்கள்? கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் இடம் கொடுக்க வேண்டுமே!

வாயிலில் நுழையும்போதே காது அடைத்துப் போயிற்று. ஒரு லட்சம் வண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு ரீங்காரம். எங்கிருந்தோ வருகிறது, வயிற்றுக்குள் புகுந்து வெளியே போகிறது. என் மனைவி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். கால் மணி நேரத்தில் முந்தானையை எடுத்துவிட்டாள். அரை மணியில், எந்த வண்டி திருப்பத்தில் உள்பக்கமாக வருகிறது, எது வெளிப்பக்கமாகப் போய் நேரத்தை விடுகிறது என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்!

முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால், வண்டிகளைச் சரிபார்க்கும் 'பிட்' வரை எங்களை விட்டார்கள். அங்கே ஒரு மெக்கானிக், பையனுக்கு வயது இருபத்திரண்டு இருக்கலாம், கை நிறைய கிரீஸோடு எங்களுக்குப் பாடம் எடுத்தான். உடுப்பு எளிதில் தீப்பிடிக்காத துணி. தோளில் ஒரு வளையம் மாட்டுகிறார்கள். அதிலிருந்து இரண்டு பட்டைகள் ஹெல்மெட்டில் கோக்கப்படுகின்றன. ஹான்ஸ் என்று அதற்குப் பெயர். "வண்டி போய் மோதினா பெல்ட் உடம்பைப் பிடிச்சுக்கும்மா. தலையை யார் பிடிக்கிறது? தலை அதே வேகத்திலே முன்னாலே போகும். கழுத்து தாங்காது. இது தலையைப் பிடிச்சுக்கும்" என்று தன் கழுத்திலேயே கையை வைத்துக் காட்டினான். அமெரிக்காவில் டேல் எர்ன்ஹார்ட் என்ற பிரபல பந்தய வீரர் 2001-இல் இறந்ததும் இப்படி மோதலில் தலைக்கும் கழுத்துக்கும் ஏற்பட்ட அதிர்ச்சியால்தான். 2003 முதல் ஃபார்முலா ஒன்னில் இந்த வளையம் கட்டாயம் ஆயிற்று. என் மனைவி அந்த வளையத்தைக் கையில் வாங்கி, புடவைக் கடையில் ஜரிகையைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"இங்கே யாராவது செத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

பையன் என்னைப் பார்த்தான். நான் பத்திரிகைக்காரன்; எனக்குத் தெரியும். நானே சொன்னேன். 2023 ஜனவரியில் இதே இடத்தில் கே.இ. குமார் என்ற அனுபவசாலி, வயது 59, கார்ப் பந்தயத்தில் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுவன். அவனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு தடவையும் அன்றைய பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள்.

அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

அங்கே ஓர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், மடியில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுவது அவருடைய பிள்ளை. எல்லோரும் எழுந்து நின்று கூச்சல் போட, அவர் மட்டும் தலை குனிந்தபடி விரலை மடக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி பேச்சுக் கொடுத்தாள்.

"ஒரு சுத்து வர ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவும்மா. நம்ம முன்னாலே ஒரு தடவை வருவான். வந்ததும் மூச்சு விடுவேன். போனதும் பிடிச்சுப்பேன். நான் பார்க்கிற பந்தயம் அவ்வளவுதான். ஜெயிச்சானா தோத்தானான்னு அவங்க அப்பா சொல்லித்தான் தெரியும்" என்றார் அந்த அம்மாள்.

ஆறாவது சுற்றோ ஏழாவது சுற்றோ, எனக்கு நினைவில்லை. அந்த வண்டி வரவில்லை. மற்ற வண்டிகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் நம் முன்னால் போய்விட்டன. தூரத்துத் திருப்பத்தில் மஞ்சள் கொடி ஆடிற்று. மஞ்சள் கொடி என்றால் அபாயம், வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று அர்த்தம். ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள்; இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாளின் மடக்கிய விரல் அப்படியே நின்றது. என் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். கடிகாரத்தில் நாலு நிமிஷம்கூட ஆகியிராது.

பிறகு பாதையின் ஓரமாக, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பரீட்சையில் மார்க்கு குறைந்த பையன் மாதிரி ஓர் உருவம் நடந்து வந்தது. வண்டி சுழன்று ஜல்லியில் மாட்டிக்கொண்டதாம். வேறொன்றும் இல்லை. அம்மாள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "பசிக்கும் அவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.

சென்னையிலேயே 2024-இல் ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி, வீதியில், விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது நினைவிருக்கும். நான் பத்திரிகைக்காக அதைப் பார்த்திருக்கிறேன். ஏக அமர்க்களம்! ஆனால் அங்கே நான் வண்டிகளைத்தான் பார்த்தேன். இப்படி மடக்கிய விரல்களும் எங்கேயாவது ஒரு வரிசையில் இருந்திருக்கும். பார்க்கத் தோன்றவில்லை.

இரவு காஞ்சிபுரத்தில் தங்கினோம். கோயில் இட்லி பிரமாதம். கொசு அதைவிடப் பிரமாதம். விடியற்காலையில் கிளம்பி வந்தவாசி வழியாகச் செஞ்சியை நோக்கிப் போனோம். வந்தவாசியில்தான் 1760-இல் பிரெஞ்சுக்காரர்களை இங்கிலீஷ்காரர்கள் முறியடித்தார்கள். அடுத்த வருஷம் செஞ்சிக் கோட்டையும் அவர்கள் வசம் ஆயிற்று. வழியெல்லாம் என் மனைவி பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இந்த மாதிரிச் சமயத்தில் பேசக்கூடாது என்ற ஞானம் எனக்கு வந்துவிட்டது.

செஞ்சி நெருங்க நெருங்க, குன்றுகளின் தோற்றமே மாறிவிடுகிறது. யாரோ ஒரு ராட்சதன் வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்து போனாற்போல் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்து மதில். ராஜகிரி மட்டும் 800 அடி உயரம். சிவாஜி மகாராஜா 1677-இல் இதைப் பிடித்தார். அவருடைய பிள்ளை ராஜாராம் இங்கே வந்து ஒளிந்துகொள்ள, ஔரங்கசீப்பின் சேனாபதி ஜுல்பிகார்கான் வருஷக்கணக்காக முற்றுகை போட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி.

ராஜகிரியின் உச்சிக்கு ஏறவில்லை. ஏறினோம் என்று எழுதிவிடலாம். உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. கீழ்க்கோட்டையிலேயே கல்யாண மகால், களஞ்சியங்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் குதிரை லாயத்துக்கு வந்தோம். வளைவு வளைவாக வரிசை அறைகள். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. என் மனைவி ஒரு வளைவுக்குள் போய் நின்று, "அந்தக் குதிரையை இங்கேதான் கட்டியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் குதிரை! கிண்டிப் பெரியவரின் குதிரைகளுக்கு இல்லாத பாக்கியம் அதற்கு. முந்நூறு வருஷம் ஆகியும் ஜனங்கள் அதன் பெயரை மறக்கவில்லை. பாராசாரி என்று கதைப் பாடல் சொல்கிறது. நீலவேணி என்று இன்னொரு பெயரும் ஊர் வாயில் அடிபடுகிறது. டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்ததாம். அதை அடக்க முடியாமல் தகப்பனார் சிறைப்பட, சின்னஞ்சிறு பிள்ளை தேசிங்கு போய் ஏறி அடக்கி, தகப்பனையும் மீட்டு, குதிரையையும் பரிசாகப் பெற்றுக்கொண்டு வந்தானாம். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' என்று படம்கூட வந்தது.

சரித்திரத்தில் இருப்பது இதைவிடச் சுருக்கம், இதைவிடக் கொடுமை. தேசிங்கு என்று நாம் சொல்லும் தேஜ் சிங், பந்தேல ராஜபுத்திரன். அவன் தகப்பன் சொரூப் சிங்குக்கு ஔரங்கசீப் கொடுத்த ஜாகீர் செஞ்சி. சொரூப் சிங் 1714-இல் இறந்தார். மகன் வந்து பட்டத்தில் உட்கார்ந்தான். கப்பப் பாக்கி என்று ஆற்காட்டு நவாப் சதத்துல்லாகான் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றான். பெரும் சைன்யம் வந்தது. இவனிடம் இருந்ததோ சில நூறு குதிரை வீரர்கள். நண்பன் முகமத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்தான் என்கிறது கதை. வராக நதியில் வெள்ளம். தாண்டிப் போனார்கள். 1714, அக்டோபர் 3-ஆம் தேதி சண்டை. நவாபின் யானையை நோக்கியே குதிரையை விட்டான் தேசிங்கு. அன்றே முடிந்துவிட்டது. அவனுக்கு வயது இருபத்திரண்டு. இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். கோட்டைக்குள்ளே செட்டிகுளம் என்ற குளத்தின் கரையில் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். நவாபே மனம் உருகி, அந்த ராணியின் நினைவாகப் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி பக்கத்தில் நீலாம்பூண்டி கிராமத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

செட்டிகுளத்தின் கரையில் என் மனைவி வெகு நேரம் நின்றாள். "அந்தப் பொண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள். சரித்திரக்காரர்கள் யாரும் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை.

சிங்கவரம் செஞ்சியிலிருந்து வடக்கே நாலு கிலோமீட்டருக்குள். பஸ்ஸில் வருகிறவர்கள் செஞ்சியில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். போகிற வழியில் திருநாதர் குன்று என்று ஒரு பாறை. அதில் இருபத்து நாலு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் துறந்தார் என்று அங்கே ஒரு பழைய கல்வெட்டு. ஒரே பிரதேசத்தில் இப்படியும் ஒருவர், அப்படியும் ஒருவன்!

மலை அடிவாரத்தில் காரை நிறுத்தினோம். நடை சாத்தியிருந்தது, சாயங்காலம் திறக்கும் என்றார்கள். புளியோதரை அங்கேதான் காலியாயிற்று. பாதியைக் குரங்குகள் சாப்பிட்டன. நீங்கள் போகும்போது பொட்டலத்தைக் கையில் வெளிப்படையாக வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் படி ஏறினோம். நூறு படிகளுக்கு மேல் இருக்கும். எண்ணிக்கொண்டு வந்தவள் அவள், நடுவில் விட்டுவிட்டாள்.

கோயில் பல்லவர் காலத்துக் குடைவரை. ஒரே பாறையைக் குடைந்து மண்டபம், கருவறை, உள்ளே அரங்கநாதர், அவர் படுத்திருக்கும் ஆதிசேஷன் எல்லாம். சுமார் இருபத்து நாலு அடி நீளம். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைவிட எங்கள் பெருமாள் பெரியவர் என்று ஊர்க்காரர்கள் ரொம்பப் பெருமையோடு சொல்லுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, இருட்டிலிருந்து பாதம், முழங்கால், மார்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஸ்வாமி வெளியே வருகிறார். கடைசியில் முகம்.

பட்டாச்சாரியர் கற்பூரத் தட்டை முகத்தருகே கொண்டுபோனார். "நன்னா சேவிச்சுக்கோங்கோ. தலை இந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாருங்கோ. தேசிங்கு ராஜா யுத்தத்துக்குப் புறப்படறச்சே இங்கே வந்து உத்தரவு கேட்டான். போகாதேன்னு பெருமாள் முகத்தைத் திருப்பிண்டுட்டார். கழுத்து திரும்பியிருக்கறது தெரியறதோ?" என்றார்.

தெரிந்தது. அல்லது, சொன்னதனால் தெரிந்ததோ என்னவோ. கல்லாகிய அந்தக் கழுத்தையே என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருமாள் முகத்தைத் திருப்பினதை அவன் பார்த்தானா? பார்க்காமலே போயிட்டானா?" என்று கேட்டாள்.

பட்டாச்சாரியர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தார். "பார்த்தான் அம்மா. பார்த்துட்டுத்தான் போனான்" என்று சொல்லித் தீர்த்தம் கொடுத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். செஞ்சிக் குன்றுகள் மாலை வெயிலில் செம்பு நிறமாக நின்றன. கீழே வயல்களில் நடவு முடிந்து பச்சை கட்டியிருந்தது. இவள் ஏதாவது சொல்வாள் என்று நானும், நான் கேட்பேன் என்று அவளுமாகப் பத்து நிமிஷம் போயிற்று. பிறகு கைப்பையிலிருந்து டெலிபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்தான். கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் காத்திருந்திருக்க வேண்டும்.

"டேய், நான் வேணாம்னு சொன்னா நீ விட்டுடுவியா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் மௌனம்.

"விட மாட்டே. திருட்டுத்தனமா போவே. அதுக்கு எனக்குத் தெரிஞ்சே போ. அம்மாகிட்டே நான் சொல்றேன். ஆனா என்னைக் கூப்பிடாம ஒரு பந்தயம் ஓடக்கூடாது. நான் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு சுத்தா எண்ணணும். அப்புறம், கழுத்துக்கு ஒரு வளையம் மாட்டுவாங்களாமே, அதைப் புதுசா வாங்கணும். யாரோ போட்டுக் கழிச்ச பழசு கூடாது. நல்ல கம்பெனியா, தரமா இருக்கணும். என்ன விலை ஆகும்?"

அவன் விலையைச் சொன்னான். அமைதியான மலை, எனக்கே நன்றாகக் கேட்டது. அவள் டெலிபோனைக் காதிலிருந்து எடுக்காமலே மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

நான் சிங்கவரத்துப் பெருமாளைப் போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.